முன்வாசல் நான்கு, பின்கட்டு ஒன்று: பிரிஸ்பேன் பூர்வகுடி மருத்துவ அமைப்புகள் கைகோத்த கதை

2009-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்த நான்கு பூர்வகுடி மருத்துவ அமைப்புகள் கூடி, தங்களுக்குப் பொதுவாக ஐந்தாவதாக ஒன்றைத் தொடங்கின. நகர்ப்புறப் பூர்வகுடி நல நிறுவனம் என்று தமிழில் சொல்லலாம். ஊரில் எல்லோரும் ஐ.யூ.ஐ.எச். என்றுதான் சொல்கிறார்கள். அப்போது நான்குக்கும் சேர்த்து ஐந்து கிளினிக், ஏறத்தாழ 8,000 நோயாளிகள். பத்து வருடம் போவதற்குள் கிளினிக்குகள் இருபது அளவுக்கு வந்துவிட்டன, நோயாளிகள் 35,000. வருடத்துக்கு 500 சொச்சம் நடந்த முழு உடல் பரிசோதனை 20,000-ஐத் தாண்டியது.

இவை அந்த நிறுவனமே வெளியிடும் எண்கள், அதனால் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன். என் ஆர்வம் வேறு இடத்தில். நான்கு அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் சொந்த வரலாறு, சொந்த நிர்வாகக் குழு, அரசு மானியம் என்று வந்தால் ஒன்றுக்கொன்று போட்டி. இப்படிப்பட்டவை சேரும்போது வழக்கமாக ஒன்று மற்றதை விழுங்கிவிடும், இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒரு கூட்டம், ஒரு குழுப் படம் என்று முடிந்துவிடும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. எதைச் சேர்த்துக்கொண்டார்கள், எதைச் சேர்க்கவே மாட்டோம் என்று விட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான்கும் யார்

கதை 1971-இல் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் தொடங்குகிறது. பொது மருத்துவமனைக்குப் போனால் அவமானப்பட வேண்டும், அதற்குப் பயந்து நோய் முற்றும்வரை போகாமலே இருந்துவிடுவது என்ற நிலையில், பூர்வகுடி மக்கள் தாங்களே ஒரு கிளினிக் திறந்தார்கள். மம் ஷெர்ல் என்று ஊரே அழைத்த ஷெர்லி ஸ்மித், கோர்டன் பிரிஸ்கோ போன்றவர்கள் முன்னால் நின்றார்கள், கண் டாக்டர் ஃப்ரெட் ஹாலோஸ் போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். அந்தப் பகுதிப் பூர்வகுடி மக்கள்தான் உறுப்பினர்கள், அவர்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் முதலாளி, டாக்டர் அந்தக் குழுவிடம் வேலை பார்ப்பவர். இந்த ஏற்பாடு அப்படியே மற்ற ஊர்களுக்கும் பரவி, இன்று நாடு முழுக்க இப்படி 140-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன.

பிரிஸ்பேன் பூர்வகுடி, டோரஸ் நீரிணைத் தீவினர் சமூக மருத்துவ அமைப்பு 1973-இலேயே வந்துவிட்டது, ரெட்ஃபர்னுக்கு இரண்டே வருடம் பின்னால். மேற்கே இப்ஸ்விச் நகரில் கம்பு, தெற்கே கோல்ட் கோஸ்டில் கல்வன், கடலுக்குள் இருக்கும் மின்ஜெரிபா என்ற வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவில் குவான்டமூக்கா மக்களின் யூலு-பரி-பா. இவைதான் அந்த நான்கு. ஒன்று பெருநகர அமைப்பு, ஒன்று படகேறிப் போகவேண்டிய தீவில் வேர்விட்டது. அளவிலும் குணத்திலும் ஒன்றுபோல் ஒன்று இல்லை.

யார் கண்ணுக்கும் தெரியாத கூட்டம்

பூர்வகுடி என்றால் செம்மண் பாலைவனம் என்ற படம் ஆஸ்திரேலியர்கள் மனதிலேயே ஆழமாகப் பதிந்திருக்கிறது. 2016 கணக்கெடுப்பைப் பார்த்தால் 37 விழுக்காட்டினர் பெருநகரங்களில் இருக்கிறார்கள், 44 விழுக்காட்டினர் மற்ற நகரங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும். ஒதுக்குப்புறங்களில் வாழ்பவர்கள் 19 விழுக்காடுதான். குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பூர்வகுடி மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிரிஸ்பேன் இருக்கும் இந்தத் தென்கிழக்கு மூலையில் வசிக்கிறார்கள், எண்ணிக்கையும் வேகமாக ஏறுகிறது.

ஆனால் பெருநகரத்தில் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூட்டமாக இருப்பதில்லை. ஒரு புறநகரில் நூறு வீட்டுக்கு மூன்று நான்கு வீடு என்று சிதறிக் கிடப்பார்கள். வாடகை ஏற ஏற நகரின் நடுவிலிருந்து லோகன், கபூல்ச்சர், டிசெப்ஷன் பே என்று வெளியே தள்ளப்பட்டிருப்பார்கள், கிளினிக்கோ பழைய இடத்திலேயே நிற்கும். மூலைக்கு மூலை டாக்டர் இருக்கிறாரே, இவர்களுக்கு என்ன குறை என்று அதிகாரிகள் நினைப்பார்கள். டாக்டர் இருப்பது உண்மை, அவரிடம் இவர்கள் போவதில்லை என்பதும் உண்மை. பிரிஸ்பேனின் இனாலா பகுதியில் 1994-இல் அரசுக் கிளினிக்குக்கு வந்த பூர்வகுடி நோயாளிகள் வெறும் 12 பேர் என்பது பதிவாகி இருக்கிறது. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்த இடம் அது. டாக்டர் நோயல் ஹேமன் அங்கே போய்ச் சேர்ந்து, பூர்வகுடி ஊழியர்களை வைத்து, காத்திருக்கும் அறையையே மாற்றி அமைத்த பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அது அரசு நடத்திய கிளினிக், நம் நான்கில் சேராது. ஆனால் பக்கத்தில் டாக்டர் இருந்தால் போதும் என்ற வாதத்துக்கு அந்த 12 என்ற எண் ஒன்றே பதில்.

சேர்ந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். 2008 பிப்ரவரி 13-இல் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்ததற்காகப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு கடைசியில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பூர்வகுடி நலத்துக்கு நான்கு வருடத்துக்கு 160 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டன. பணம் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தென்கிழக்கு மூலைக்கென்று பேச ஒரே குரல் இல்லையென்றால் அந்தப் பணம் ஒதுக்குப்புறங்களுக்குப் போகும், மிச்சம் சாதாரண தனியார் டாக்டர்களுக்குப் போகும். ஆக, 2009-இல் இவர்களைச் சேர்த்தது பாசம் மட்டும் இல்லை, கணக்கும்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

எதைச் சேர்த்தார்கள்

முன்வாசலை யாரும் தொடவில்லை. கம்பு கம்புவாகவே இருந்தது, கல்வன் கல்வனாகவே. பெயர்ப்பலகை, நிர்வாகக் குழு, சொத்து, எந்தக் கிளினிக்கை எங்கே திறப்பது என்ற முடிவு எல்லாம் அவரவர் கையில். பொது நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் நான்கு அமைப்புகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள், கூடவே நிதி, சட்டம் போன்ற துறை அறிவுக்காகச் சேர்க்கப்பட்டவர்களும். மேலிருந்து ஆணை போடும் அலுவலகமாக அது ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

நோயாளி கண்ணில் படாத வேலைகளையெல்லாம் பொதுவில் வைத்தார்கள். ஆள் எடுப்பது, டாக்டர்களுக்கான நடைமுறை விதிகள், அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு எப்படி பில் போடுவது என்ற பயிற்சி, அரசோடு ஒப்பந்தப் பேச்சு, பல்கலைக்கழக மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பது, பிரச்சாரம். தனியாக ஒரு சின்ன அமைப்பு தரக்கட்டுப்பாட்டுக்கென்று ஒரு டாக்டரையும், தரவைப் பார்க்க ஒரு ஆளையும், சட்டம் தெரிந்த ஒருவரையும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாது. நான்கு பேர் சேர்ந்தால் முடியும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது தரவுதான். யார் கிளினிக்கில் எத்தனை சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தப் பரிசோதனை நடந்திருக்கிறது, எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்பதை ஒரே அளவுகோலில் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்று முடிவு. சொல்லும்போது சாதாரணமாக இருக்கும். நாளைக்கு மானியத்துக்குப் போட்டி போடப்போகிறவன் முன்னால் இன்றைக்கு நம் குறையைத் திறந்து காட்டுவது என்று யோசித்துப் பாருங்கள். அதற்கும் மேலே ஒரு பழைய காயம் இருக்கிறது. பூர்வகுடிக் குடும்பங்களைப் பற்றி அரசு வைத்திருந்த கோப்புகள் அந்தக் குடும்பங்களின் குழந்தைகளைப் பிரித்துக்கொண்டு போகப் பயன்பட்டவை. 1997-இல் வந்த விசாரணை அறிக்கை அந்த வரலாற்றை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. எங்களைப் பற்றிய தகவலை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி அந்தச் சமூகத்தில் வெறும் நிர்வாகக் கேள்வி இல்லை. தகவல் தங்கள் சொந்த நிறுவனத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்பதால்தான் இது சாத்தியமாயிற்று. இதே யோசனையை அரசுத் துறை கொண்டுவந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே செத்திருக்கும் என்பது என் கணிப்பு.

எண் 715

மெடிகேர் பட்டியலில் டாக்டர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு, எண்ணுக்கு ஒரு தொகை. 2010-இல் வந்த 715 என்ற எண், பூர்வகுடி மக்களுக்கான முழு உடல் பரிசோதனைக்கு உரியது. குறைந்தது ஒன்பது மாத இடைவெளியில் ஒருவருக்குத் திரும்பச் செய்யலாம். தொகை பல வருடங்கள் 212 டாலர் சொச்சம், சாதாரண டாக்டர் சந்திப்புக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. எண் எல்லோருக்கும் பொது, ஆஸ்திரேலியாவில் எந்தப் பொது மருத்துவரும் போடலாம். ஆனால் சாதாரண கிளினிக்குகள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடுகிற இடத்தில் முக்கால் மணி நேரப் பரிசோதனைக்கு யார் இடம் விடுவார்கள்?

இந்தக் கூட்டமைப்பு செய்தது அந்த முக்கால் மணி நேரத்தைப் பிரித்ததுதான். நோயாளி வந்ததும் முதலில் பூர்வகுடி நலப் பணியாளரோ நர்ஸோ உள்ளே அழைத்துப் போவார். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், விரலில் குத்திச் சர்க்கரை. குழந்தையாக இருந்தால் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது, ஏனென்றால் காதில் சீழ் வைத்துக் கேட்கும் திறன் குறைவது அங்கே பள்ளிப் படிப்பையே பாதிக்கிற விஷயம். பிறகு சிகரெட், தூக்கம், மனசு எப்படி இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர், வாடகை கட்ட முடிகிறதா. பேச்சோடு பேச்சாகத்தான் இதெல்லாம் கேட்கப்படும், யாருடைய பேரன், எந்த ஊர்க் குடும்பம் என்று தொடங்கி. கடைசியில் டாக்டர் வந்து எல்லாவற்றையும் பார்த்து என்ன செய்யலாம் என்று முடிவு செய்வார். டாக்டரின் நேரம் குறைந்தது, நோயாளியோடு செலவான நேரம் குறையவில்லை.

பரிசோதனை முடிந்தால் கதை முடியவில்லை. அதைத் தொட்டு நர்ஸ் பின்தொடர்வதற்கும், பாதம் பார்ப்பவர், உணவு ஆலோசகர், உடற்பயிற்சி நிபுணர் ஆகியோரிடம் அனுப்புவதற்கும் மெடிகேரில் தனி எண்கள் இருக்கின்றன. அந்த வருமானத்தைத் திரும்பக் கிளினிக்கிலேயே போட்டார்கள். சர்க்கரை, இதயநோய் உள்ளவர்கள் கூடி உடற்பயிற்சி செய்து, கூடவே உட்கார்ந்து பேசும் வொர்க் இட் அவுட் என்ற வகுப்புகள் இப்படி வளர்ந்தவைதான். மானியம் வரும், போகும். மந்திரி மாறினால் திட்டத்தின் பெயர் மாறும். மெடிகேர் வருமானம் நோயாளி வரும்வரை வரும். சொந்தக் காலில் நிற்க ஒரு வழி இருந்ததால்தான் நான்கு அமைப்புகளும் மானியச் சண்டையிலிருந்து கொஞ்சமாவது விலக முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பண்பாடு, நம்பிக்கை என்றெல்லாம் நிறைய எழுதுகிறார்கள், எல்லாம் சரிதான், ஆனால் பில் போடக் கற்றுக்கொண்டதை யாரும் போதுமான அளவு பாராட்டுவதில்லை.

சரி, ஆட்களை உள்ளே வரவைப்பது எப்படி? இங்கேதான் சட்டை. டெட்லி சாய்சஸ் என்ற பிரச்சாரத்தின் கீழ், பரிசோதனை செய்துகொண்டால் ஒரு ஜெர்சி இலவசம். பிரிஸ்பேன் பிராங்கோஸ் போன்ற ரக்பி லீக் அணிகளின் அடையாளமும் பூர்வகுடி ஓவியமும் சேர்ந்த சட்டை. கடையில் கிடைக்காது, காசு கொடுத்தாலும் கிடைக்காது. ரக்பி லீக் மீது அந்த மாநிலத்துக்கு இருக்கும் வெறி தெரிந்தவர்களுக்கு இதன் பலம் புரியும். லஞ்சம் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் ஒருவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தால், அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை என்று மற்றவர்களுக்குத் தெரிகிறது. தனி அமைப்பு ஒன்று போய் ஒரு பெரிய விளையாட்டு அணியிடம் இந்த ஒப்பந்தத்தைப் பேசியிருக்க முடியுமா என்பது சந்தேகம். பிறகு இது மற்ற மாநிலங்களின் பூர்வகுடி அமைப்புகளுக்கும் போய், அந்தந்த ஊர் அணிச் சட்டைகளோடு நடக்கிறது.

பிரசவம்

பரிசோதனை எண்ணிக்கை என்பது வேலையின் அளவுதான், உடல்நலத்தின் அளவு இல்லை. இருபதாயிரம் பேரின் ரத்த அழுத்தத்தை எழுதி வைத்ததால் யாருக்கும் அழுத்தம் குறைந்துவிடாது. சேர்ந்ததால் உண்மையில் என்ன நன்மை என்று கேட்டால் நான் காட்டுவது பிரசவத் திட்டத்தைத்தான்.

2013-இல் ஐ.யூ.ஐ.எச்., பிரிஸ்பேன் சமூக மருத்துவ அமைப்பு, மேட்டர் மகப்பேறு மருத்துவமனை மூன்றும் சேர்ந்து, நம் சமூகத்திலேயே பிறப்பது என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு சேவையைத் தொடங்கின. கர்ப்பம் உறுதியானதிலிருந்து குழந்தை பிறந்து சில வாரம் ஆகும்வரை ஒரே மருத்துவச்சிதான் பார்ப்பார். அவருடைய அல்லது அவர் குழுவின் போன் ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கப்படும். கூடவே ஒரு பூர்வகுடிக் குடும்ப உதவியாளர். கார் இல்லையென்றால் வண்டி வரும். பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதில்லை, சால்ஸ்பரி என்ற புறநகரில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, குழந்தைகள் ஓடி விளையாடலாம், தெரிந்த முகங்கள் இருக்கும். பிரசவ வலி வந்ததும் மேட்டருக்குப் போகும்போது அதே மருத்துவச்சி அங்கேயும் கூட இருக்க முயல்வார்.

இதை ஆராய்ந்து 2021-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். 2013 தொடக்கத்திலிருந்து 2019 நடுப்பகுதிவரை மேட்டரில் பூர்வகுடிக் குழந்தை பெற்ற 1,422 பெண்கள், அதில் 766 பேர் இந்தச் சேவையில், 656 பேர் வழக்கமான கவனிப்பில். சேவையில் இருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு குறைவு. ஐந்து முறையாவது கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தவர்கள் கூடுதல், வீட்டுக்குப் போகும்போது தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களும் கூடுதல். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை இது, யார் எந்தப் பக்கம் என்பதைப் பெண்களும் சூழ்நிலையும் தீர்மானித்தன, அதற்கு ஏற்றபடி கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டாலும் குறைமாதப் பிரசவத்தில் இந்த அளவு வித்தியாசத்தை எளிதில் பார்க்க முடியாது. இதற்குப் பிரசவ அறை உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், சமூகத்தில் கால் ஊன்றிய ஒரு அமைப்பு வேண்டும், இரண்டுக்கும் நடுவில் நின்று ஒப்பந்தம் பேசத் தெரிந்த ஒன்றும் வேண்டும். அந்த மூன்றாவதுதான் 2009-இல் உருவானது.

உறுத்துபவை

மோர்ட்டன் பே பகுதியில் சமூக அமைப்பு எதுவும் இல்லாததால், பொது நிறுவனமே அங்கே இறங்கி கபூல்ச்சர், டிசெப்ஷன் பே போன்ற இடங்களில் கிளினிக் நடத்துகிறது. தேவை இருந்தது, வேறு யாரும் இல்லை, சரி. ஆனால் உறுப்பினர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நிறுவனம் தானே கிளினிக் நடத்த ஆரம்பித்தால் அதன் உடம்பு பெருக்கும், வருமானம் பெருக்கும், பேச்சின் எடையும் மாறும். நிர்வாகக் குழுவில் நாற்காலி இருக்கிறது என்பதற்காகத் தீவில் இருக்கும் சின்ன அமைப்பின் குரலும் அதே எடையில் ஒலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. கூட்டமைப்பு பற்றிய கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகின்றன.

இன்னொன்று, இந்த வழி எல்லா ஊருக்கும் பொருந்தாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் 1986-லேயே புரூம் ஊரை மையமாக வைத்து ஒரு வட்டாரக் கூட்டமைப்பு வந்துவிட்டது, பிரிஸ்பேனுக்கு இருபது வருடத்துக்கும் முன்னால். நாலு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பகுதி, தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்கு. அங்கே பிரச்சினை டயாலிசிஸ். சிறுநீரகம் போனால் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி பெர்த்துக்குப் போய், குடும்பத்தை விட்டு, அங்கேயே கிடக்க வேண்டியிருந்தது. கூட்டமைப்பு 2000-களின் தொடக்கத்தில் புரூமிலும், பிறகு டெர்பி, குனனுரா, ஃபிட்ஸ்ராய் கிராசிங்கிலும் டயாலிசிஸ் மையங்களைக் கொண்டுவந்தது. மாநில அரசின் கிராமப்புற மருத்துவத் துறையோடு சேர்ந்து ஒரே சிகிச்சை வழிகாட்டிகளையும் எழுதி வைத்திருக்கிறது, நர்ஸ் எந்த ஊருக்கு மாறினாலும் அதே வழிகாட்டிதான். ஆள் அடர்த்தி இல்லாத இடத்தில் 715 வருமானத்தை மட்டும் வைத்து இதையெல்லாம் ஓட்ட முடியாது. பிரிஸ்பேனைப் பார்த்து, நீங்களும் மெடிகேரில் சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அதிகாரி சொன்னால் கிம்பர்லிக்காரர்களுக்குக் கோபம் வருவது நியாயம்.

பூர்வகுடி மக்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதற்காக 2020 ஜூலையில் கையெழுத்தான தேசிய ஒப்பந்தத்தில், சமூகமே நடத்தும் அமைப்புகளை வலுப்படுத்துவது அரசுகள் ஏற்றுக்கொண்ட நான்கு முக்கிய மாற்றங்களில் ஒன்று. தாளில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் மெடிகேர் பணம் கொடுப்பது பரிசோதனைக்கு, சந்திப்புக்கு, பின்தொடர்வதற்கு. கர்ப்பிணியை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு சால்ஸ்பரிக்குக் கூட்டிப் போகும் வண்டிக்கும், நான்கு அமைப்புகளின் தரவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆளுக்கும், விதிகளை எழுதி எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைக்கும் டாக்டரின் நேரத்துக்கும் அந்தப் பட்டியலில் எண் கிடையாது. அவற்றுக்கு மானியத்தைத்தான் தேட வேண்டும், அப்புறம் அது முடியும்போது மறுபடி விண்ணப்பம் எழுத வேண்டும்.